"சாவு எனக்கு ஆதாயம்" என்கிற அப்பாவிடம் என்ன சொல்வது?

தேரிக்காட்டான்:

எல்லோருக்கும் தோத்திரம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபையில் நெடுங்காலம் கமிட்டியில் இருந்தவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். கீமோ கொடுத்தால் சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம், இவர் உடம்பு தாங்குமா என்பதும் சந்தேகம்தான். அப்பா ஒரு ராத்திரி யோசித்தார். காலையில் "கீமோ வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து போதும்" என்று சொல்லிவிட்டார்.

ஏன் என்று யார் கேட்டாலும், பைபிளில் பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில் வரும் வசனம், பிலிப்பியர் 1:21தான் பதில். "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்." பார்க்க வருகிறவர்களிடமும் இதையே சொல்லிச் சிரிக்கிறார். அவர்கள் "எப்பேர்ப்பட்ட விசுவாசம்!" என்று வியந்துவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. தங்கை டவுனில் வேறொரு சபைக்குப் போகிறாள். அங்கே அப்பாவுக்காகச் சங்கிலி உபவாச ஜெபம் நடக்கிறது. "அப்பா அந்த வசனத்தைச் சொல்லச் சொல்ல மரணத்தைத் தானே வீட்டுக்குள் கூப்பிடுகிறார், அது அவிசுவாசம்" என்கிறாள். அம்மா அடுப்படியில் நின்று அழுகிறாள். அதைப் பார்த்தால் அப்பா, "விசுவாசி அழலாமா?" என்று கேட்கிறார். அதற்கப்புறம் அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழ ஆரம்பித்திருக்கிறாள்.

எனக்கு உள்ளதைச் சொல்கிறேன். அவர் 'ஆதாயம்' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு ஆதாயம் என்றால் நாங்களெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறோம்? வசனத்தோடு சண்டை போட முடியாது. அப்பாவோடும் இப்போது சண்டை போட முடியாது. வைத்தியம் வேண்டாம் என்பது பாவமா, விசுவாசமா? அவரிடம் நான் என்ன பேச?

பாளை டீச்சர்:

தம்பி, அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். அம்மாவுக்காக இன்னும் கொஞ்சம் கூடவே.

உங்கள் அப்பா தலைமையாசிரியர், நானும் வாத்திச்சிதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அவர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். 21ஆம் வசனத்துக்குப் பிறகு 23 இருக்கிறது, "இவ்விரண்டினாலும் நான் நெருக்கப்படுகிறேன்" என்று. பவுல் அங்கே சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. போகவும் ஆசை, இருக்கவும் தேவை, நடுவில் நெருக்கம். பிறகு 24: "அப்படியிருந்தும், நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்." கணக்கு 'எனக்கு' என்று ஆரம்பித்து 'உங்களுக்கு' என்று முடிகிறது. நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்று கேட்டீர்களே, இந்தக் கணக்கில்தான்.

இன்னொன்று, அதே நிருபத்தில் அடுத்த அதிகாரம். எப்பாப்பிரோதீத்து என்று ஒரு சகோதரன். சிறையிலிருந்த பவுலுக்குப் பிலிப்பியர் கொடுத்தனுப்பிய உதவியைக் கொண்டுவந்தவன். வந்த இடத்தில் நோயில் விழுந்து சாவின் விளிம்புக்கே போய்விட்டான். பிழைத்தான். பவுல் என்ன எழுதுகிறார்? 'பாவம், ஆதாயத்தைத் தவறவிட்டுவிட்டான்' என்றா? "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்" என்கிறார் (2:27). தன் சாவைப் பற்றி ஆதாயம் என்று எழுதிய அதே பேனா, ஒரே மனுஷன், ஒரே சிறை. அடுத்தவன் சாவு என்று வரும்போது அது துக்கத்தின்மேல் துக்கம்.

என் வாசிப்பு இதுதான். சாவு ஆதாயம் என்பதை ஒருவர் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவைப் பார்த்துச் சொல்ல அப்பாவுக்கு உரிமையில்லை. துஷ்டி வீட்டில் நின்றுகொண்டு "அவர் பரலோகத்தில் இருக்கிறார், அழாதீர்கள்" என்று சொல்கிற நமக்கும் இல்லை.

2:27ஐ அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியருக்கு விளக்கம் சொன்னால் பிடிக்காது.

எலியாவின் சால்வை:

டீச்சர் அக்கா சொன்னது சரி. ஆனால் தங்கை பக்கம் பேச இங்கே ஒருவரும் இல்லை, அதனால் நான் பேசுகிறேன்.

வியாதியாய்க் கிடந்த யூதாவின் ராஜா எசேக்கியாவிடம் ஏசாயா தீர்க்கதரிசியே நேரில் வந்து, வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும், பிழைக்கமாட்டீர் என்று சொன்னார். டாக்டர் ரிப்போர்ட்டை விடப் பெரிய ரிப்போர்ட் அது. ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் 15 வருஷம் கூடக் கிடைத்தது. கேளுங்கள் என்று சொன்னவர் ஆண்டவர்தானே? கேட்காமலே "போய்ச் சேருகிறேன்" என்பதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? யாக்கோபு 5 மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. அது கட்டளை, ஆலோசனை இல்லை.

தங்கை அப்பாவைக் கண்டிக்கிற தொனியில் பேசியிருந்தால் அது தப்பு. ஆனால் அவள் கேட்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வார்டு சிஸ்டர்:

நான் புற்றுநோய் வார்டில் ரொம்ப வருஷம் வேலை செய்தவள். எலியாவின் சால்வை அண்ணா, எசேக்கியா கதையில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதை ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் போட்டார்கள். ஜெபமும் மருந்தும் ஒரே கட்டிலில்தான் இருந்தன.

தேரிக்காட்டான் சகோதரருக்கு: கணையத்தில் வந்து கல்லீரலுக்குப் பரவிய பிறகு, இந்த வயதில், கீமோவின் பலனையும் பாடுகளையும் எடைபோட்டு வேண்டாம் என்று ஒருவர் தெளிந்த மனதோடு சொன்னால் அது தற்கொலையும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. "வலிக்கு மட்டும் மருந்து" என்று கேட்டிருக்கிறாரே, அந்த 'மட்டும்' சின்ன விஷயமில்லை. முழுசாகச் செய்ய வேண்டிய வைத்தியம் அது. பேலியேட்டிவ் கேர் என்பார்கள்.

இதற்கும் நம் தலைப்புக்கும் தொடர்பு உண்டு, அதனால் சொல்கிறேன். லண்டனில் 1967இல், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதற்கப்புறம்தான் டாக்டர். ஆழ்ந்த கிறிஸ்தவர். சாகப்போகிறவருக்கு "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவதை அவர் ஏற்கவில்லை. வலி என்றால் உடம்பு வலி மட்டுமல்ல, மன வேதனையும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், ஆத்துமக் கலக்கமும் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொல்லிக்கொடுத்தார். மறுமை நம்பிக்கை உள்ளவர்கள் இந்த உலகத்துக் கட்டிலை எவ்வளவு அக்கறையாக விரிக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அவர்.

காரியத்துக்கு வருகிறேன். மார்ஃபின் மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அவர் அடிமையாகிவிட மாட்டார், சீக்கிரம் சாகவும் மாட்டார். வலி வந்தபிறகு கொடுப்பதில்லை, நேரப்படி கொடுக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்விக்குறி:

நான் விசுவாசி இல்லை. இந்தக் குழுவில் பலருக்குத் தெரியும். நெறியாளர் பொறுத்துக்கொள்வார் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

முதலில் சகோதரரின் அப்பாவுக்கு என் வணக்கம். சாவைப் பார்த்து நடுங்காத மனிதரை யாராயிருந்தாலும் மதிக்கத்தான் வேண்டும்.

என் கேள்வி இது. செத்தபின் ஆதாயம் என்று நம்புகிறவருக்கு இந்த வாழ்க்கை காத்திருப்பு அறைதானே? ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஸ்டேஷனைப் பெருக்கிச் சுத்தம் செய்வாரா? கூலி உண்டு என்பதற்காக நல்லது செய்தால் அது வியாபாரம். கூலியே இல்லை என்று தெரிந்தும் செய்கிறவன் உங்களைவிட ஒரு படி மேல் இல்லையா?

பாளை டீச்சர்:

நல்ல கேள்வி, தம்பி. இதை எங்கள் பிரசங்கங்களில் கேட்கமாட்டார்கள்.

1 கொரிந்தியர் 15, உயிர்த்தெழுதல் அதிகாரம், அடக்க ஆராதனையில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். 58 வசனம். கடைசி எக்காளம் தொனிக்கும் என்று சொல்லி, மரணமே உன் கூர் எங்கே என்று உச்சத்துக்குப் போகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசி வசனத்தில் என்ன சொல்ல வேண்டும்? 'ஆகையால் நிம்மதியாகக் காத்திருங்கள்' என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பவுல் சொல்வது, கர்த்தருடைய கிரியையில் பெருகுங்கள், உங்கள் பிரயாசம் வீணாயிராது என்று. அடுத்த வரி, 16ஆம் அதிகாரம் முதல் வசனம், எருசலேம் சபைக்கு அனுப்பவேண்டிய தர்மப்பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பது! வாரத்தின் முதல் நாளில் அவனவன் எடுத்து வைக்கட்டும் என்று கணக்குச் சொல்கிறார். எக்காளத்தொனியிலிருந்து நேரே காணிக்கைப் பைக்கு. எனக்கு அந்தத் திருப்பம் ரொம்பப் பிடிக்கும். அதிகாரம் பிரித்தவர்கள் நடுவில் கோடு போட்டுவிட்டதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செய்வது வீணாகாது என்ற நம்பிக்கைதான் எங்களுடையது. ஸ்டேஷனைப் பெருக்குகிறோமே, அந்தப் பெருக்குதலும் கணக்கில் இருக்கிறது. கூலி வாங்குவதற்காக அல்ல. இந்த மண்ணே மீட்கப்படும் என்று ரோமர் 8 சொல்கிறது, அதனால். விட்டுவிட்டுப் போகப்போகிற இடமாக நாங்கள் இதைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கிற பிரசங்கிகள் உண்டு. அவர்களோடு எனக்கும் தகராறுதான்.

கூலி இல்லாமல் செய்கிறவர் மேலானவரா என்றீர்கள். இருக்கலாம். அவரோடு போட்டி போட எனக்கு ஆசையில்லை.

கோட்டாறுக்காரன்:

நான் கத்தோலிக்கன், அதனால் கொஞ்சம் வேறு வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி ஐயாவுக்கு எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. தேவசகாயம் பிள்ளை, நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். மாடு கன்று, பயிர் என்று நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். பரலோகக் கதையை அல்ல, யோபுவின் கதையை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு சிறை, ஊர் ஊராக இழுத்துச் சென்று அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் ரோமில் புனிதர் பட்டம் கிடைத்தது. எங்கள் பேராலயத்தில் அவர் கல்லறையில் ஜனங்கள் முழந்தாளிடுகிறார்கள். அவர் சாவைத் தேடிப் போகவில்லை. விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது, அதற்கு விலை உயிராக ஆகிவிட்டது. சாவு ஆதாயம் என்பதற்கும் சாக ஆசைப்படுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம் அதுதான்.

தேரிக்காட்டான் தம்பி, எங்களிடம் நோயில்பூசுதல் என்று ஓர் அருட்சாதனம் உண்டு. ஒரு காலத்தில் உயிர் பிரியும் நேரத்தில்தான் குருவானவரைக் கூப்பிடுவார்கள். அவர் வாசலுக்கு வந்தாலே வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும். 1960களில் எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அதைக் கடும் நோயுற்ற எவருக்கும் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். குணமாகவும் ஜெபம், குணமாகாவிட்டால் தாங்கும் பலத்துக்கும் ஜெபம். ஒரே எண்ணெய்தான். அப்பாவும் தங்கையும் சண்டை போடவே தேவையில்லாத ஒரு ஜெபம் அது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று மரித்தவர்களுக்காக நாங்கள் ஜெபிப்பதையும் சொல்லலாம், ஆனால் அதைத் தொட்டால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.

எலியாவின் சால்வை:

மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் எங்கே இருக்கிறது என்று

நெறியாளர்:

அண்ணா, வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே நானூறு பதிவு தாண்டிவிட்டது. இங்கே ஒரு குடும்பத்தின் காரியம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்குருவி:

இதைக் கேட்கலாமா தெரியவில்லை. தேரிக்காட்டான் அண்ணாவின் அப்பாவுக்குத் தெளிவு இருக்கிறது, வசனம் சொல்கிறார், முடிவெடுக்கிறார். என் அம்மாவுக்கு மறதி நோய். என் பெயர் போய்விட்டது, அவள் பெயரும் போய்விட்டது. பவுல் 22ஆம் வசனத்தில் பிழைத்திருந்தால் என் கிரியைக்குப் பலன் உண்டு என்கிறார். அம்மாவுக்கு இனி என்ன கிரியை? என்ன நோக்கம்? போன மாதம் எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார். அம்மா அப்பத்தை வாயிலிருந்து துப்பிவிட்டாள். நான் கூனிக் குறுகிப் போனேன். ஐயர் ஒன்றும் பேசாமல் அதைப் பாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அம்மா தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போனார்.

நோக்கம் உள்ள வாழ்க்கை என்று பேசுகிற கூட்டங்களுக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். அங்கே பேசுவதெல்லாம் ஓடியாடுகிறவர்களுக்கான பேச்சு.

பாளை டீச்சர்:

மகளே, கேட்கலாம். இந்த இழையில் இதுதான் ஆகக் கடினமான கேள்வி, மற்றதெல்லாம் இதற்கு முன்னால் லேசு.

எமி கார்மைக்கேல் அம்மையாரைத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்து டோனாவூர். பெண் குழந்தைகளைக் கோயில் சேவைக்கு ஒப்புக்கொடுப்பதிலிருந்து மீட்டு வளர்த்தவர். 1931இல் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஓர் அறைதான். அந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் "படுக்கையிலிருந்தும் எத்தனை புத்தகம் எழுதினார் பாருங்கள்!" என்று முடிப்பார்கள். எழுதினார்தான். ஆனால் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது வருஷம் வீணா? எழுதியதால்தான் கணக்கில் வந்ததென்றால் உங்கள் அம்மாவுக்கு நம்மிடம் பதில் இல்லை. தன் கல்லறைமேல் பெயர்க்கல் வேண்டாம் என்றவர் அவர். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டிதான் இருக்கிறது.

பிலிப்பியரை விட ரோமர் 14:8 உங்களுக்குக் கைகொடுக்கும். "பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்களாயிருக்கிறோம்." என்ன செய்கிறோம் என்று அங்கே இல்லை, யாருடையவர்கள் என்றுதான் இருக்கிறது. 1563இல் ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரத்தில் ஒரு ஞான உபதேச வினாவிடை வெளியிட்டார்கள். முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்பது. பதிலின் சாரம்: நான் எனக்குச் சொந்தமில்லை, சரீரமும் ஆத்துமாவும் வாழ்விலும் சாவிலும் என் இரட்சகராகிய இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம். கவனியுங்கள், அதைச் சொல்ல ஞாபகம் வேண்டும், ஆனால் அது உண்மையாயிருக்க ஞாபகம் தேவையில்லை. அம்மாவால் பதில் சொல்ல முடியாவிட்டால் பதில் பொய்யாகிவிடுமா?

உங்கள் ஐயரை எனக்குத் தெரியாது. அவர் அன்று செய்தது ஒரு வருஷப் பிரசங்கத்துக்குச் சமம்.

கேள்விக்குறி:

டீச்சர், உங்கள் பதில் என்னை மாற்றிவிடவில்லை. ஆனால் மழைக்குருவிக்கு நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் மதிப்பு அவர் செய்கிற வேலையில் இல்லை என்பதை நாங்களும் சொல்கிறோம், வேறு காரணத்துக்காக.

என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த ஒரு பெண், "ஜெபிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஜெபிக்காமல், நான் சாப்பிட்டு வரும்வரை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆட்களில் எனக்குப் பிடித்தவர் அவர்.

வார்டு சிஸ்டர்:

அப்படிப்பட்டவர்கள் வார்டுக்கு ஒருவர் இருந்தால் எங்கள் வேலை பாதி குறையும். எதிர்மாதிரியும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. பத்துப் பேராக வந்து நோயாளியைச் சுற்றி நின்று உரத்த சத்தமாக ஜெபிப்பார்கள். குணமாகாவிட்டால் "உங்கள் வீட்டில் யாரிடமோ பாவம் மறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்விக்கு மாத்திரை இல்லை.

பவுலே தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியஸ்தனாக விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறார். பவுலுக்கு விசுவாசம் பற்றவில்லையா?

எலியாவின் சால்வை:

அப்படிச் சொல்கிறவர்களை நானும் கண்டித்திருக்கிறேன், சிஸ்டர். யோபுவின் சிநேகிதர்கள் பேசியதும் அதுதான், கடைசியில் தேவன் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். ஆனால் கேட்கிற ஜெபத்தை விடமாட்டேன். கேட்பது என் வேலை, பதில் அவர் வேலை.

எசேக்கியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், நான்தான் எடுத்துக்கொடுத்தேன் என்பதால். கூடக் கிடைத்த அந்த 15 வருஷத்துக்குள் பிறந்தவன்தான் மனாசே. பட்டத்துக்கு வரும்போது அவனுக்குப் 12 வயது. யூதாவின் ராஜாக்களில் ஆகப் பொல்லாதவன் என்று பெயரெடுத்தவன். கூடக் கிடைக்கிற நாள் எல்லாம் நல்ல நாளாகவே இருக்கும் என்றும் வேதம் சொல்லவில்லை. தேரிக்காட்டான், தங்கையிடம் இதையும் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னால் கேட்பாள், எங்கள் சபை மாதிரித்தான் தெரிகிறது.

தேரிக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மூன்று தடவை வாசித்தேன். வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர் சொன்னபடி பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தை ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் நான் வாசித்தேன். 27ஆம் வசனத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை வாசித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "பவுலே அழுதிருப்பார் போலிருக்கே" என்றார். அம்மா உடனே, "அவருக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா? அவருக்கே அப்படின்னா எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். அம்மா அங்கேயே, எங்கள் முன்னாலேயே அழுதாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கேட்டார். முதல் பக்கத்தில் கூட்டுறவு பேங்க் பாக்கி, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கிணற்று மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, பனங்காட்டுப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அடக்க ஆராதனைக்குப் பாட்டுகள். அதில் ஒன்றை அடித்துவிட்டு, 'ராகம் இழுத்துப் பாடுவார்கள், வேண்டாம்' என்று ஓரத்தில் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் எதிர்வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கு. அவனுக்குக் கூட்டல் வந்துவிட்டது, வகுத்தலில் தலைகீழாக்க மறந்துவிடுகிறான், அதை முடித்துவிட வேண்டும் என்கிறார். "22ஆம் வசனம்டா" என்று என்னிடம் சொன்னார். கீமோ முடிவில் மாற்றமில்லை. இப்போது எனக்கும் அதில் வருத்தமில்லை.

கோபம் முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். அம்மா அழுவதைப் பார்த்துத் தங்கை, "நீங்களே நம்பிக்கையை விட்டுவிட்டீர்கள்" என்கிறாள்.

பாளை டீச்சர்:

இது 1 தெசலோனிக்கேயர் 4:13 பிரச்சினை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறது. பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு துக்கிக்கவே வேண்டாம் என்று ஆக்கிவிட்டோம். லாசருவை எழுப்பப்போவது தெரிந்தே கல்லறைப் பக்கம் போனார் இயேசு. தெரிந்தும் கண்ணீர் விட்டார்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு மக்தலேனா என்று ஒரு மகள். 1542 செப்டம்பரில், 13 வயதில், அப்பாவின் கைகளிலேயே உயிர் போனது. உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் பிரசங்கித்ததற்குக் கணக்கில்லை. சாவுக்கு எப்படி ஆயத்தப்படுவது என்று 1519இலேயே தனியாக ஒரு பிரசங்கம் எழுதி அச்சில் வந்திருந்தது. அப்படிப்பட்டவர், ஆவியில் மகிழ்ச்சி, மாம்சத்திலோ பெருந்துக்கம் என்கிற அர்த்தத்தில் அன்று பேசியிருக்கிறார். மகள் எங்கே போகிறாள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்படியும் தேற்ற முடியவில்லை.

பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம் என்று அதே பவுல்தான் எழுதினார். சத்துரு என்று பெயர் வைத்துவிட்டு, அவன் வீட்டுக்குள் வரும்போது புன்னகையோடு வரவேற்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அம்மா அழட்டும்.

கோட்டாறுக்காரன்:

ஆமென். தங்கையை அப்பாவோடு உட்காரவைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். உங்கள் சபையில் வழக்கம் இருக்கிறதா?

தேரிக்காட்டான்:

ஐயரிடம் கேட்டேன், யாக்கோபு 5 எங்களுக்கும்தான் எழுதியிருக்கிறது என்றார். ஞாயிறு சாயங்காலம் ஐயர், இரண்டு மூப்பர்கள், தங்கை சபையிலிருந்து அவளுடைய பாஸ்டர் எல்லோரும் வருகிறார்கள். அப்பா சம்மதித்துவிட்டார், மூன்று நிபந்தனையோடு. ஜெபம் அரைமணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அவர் செய்த பாவத்தை யாரும் ஆராயக்கூடாது, அது அவருக்கும் ஆண்டவருக்கும் தெரியும். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா மீன்குழம்பு என்கிறாள், தங்கை உபவாசத்தில் இருக்கிறாள். இதில் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியவில்லை.

சுகாதார நிலையத்திலும் பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். மார்ஃபின் ஆரம்பித்தாயிற்று, நேற்று ராத்திரி தூங்கினார்.

எலியாவின் சால்வை:

ஞாயிறு சாயங்காலம் நாங்களும் இங்கே ஜெபிக்கிறோம். குணமாகும்படிதான் கேட்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தேரிக்காட்டான்:

கேளுங்கள் அண்ணா. அப்பாவிடமும் சொன்னேன். "கேட்கட்டும், பின்னக் கணக்கு முடியவும் கொஞ்சம் நாள் வேணும்ல" என்றார்.

வார்டு சிஸ்டர்:

சந்தோஷம். மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையிலேயே போன் போட்டுக் கேளுங்கள்.